பிடித்தம் போக

நான் எதையும் நன்றாக விளக்கிச் சொல்வேன், ஐயா. கிடங்கில் நான் வெறும் சம்பளக் குமாஸ்தா. ஆனாலும் எல்லோரும் என்னை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். மீனையும் காய்கறியையும் உறையவைத்து அடுக்கும் கிடங்கு அது. வெள்ளிக்கிழமைதோறும் தினக்கூலிக்காரர்கள் என் ஜன்னல் முன்னால் வரிசையில் நிற்பார்கள். கவரைப் பிரித்ததும் யாருடைய முகமாவது சுருங்கினால் எனக்குப் பொறுக்காது. பத்தில் ஒரு பங்கை வரியாகப் பிடிக்கிறோம், அதை உங்கள் பேரில் வரி அலுவலகத்தில் கட்டுகிறோம், எங்கேயும் ஓடிப்போகாது என்று பொறுமையாகச் சொல்வேன். பணத்தை எண்ணும்போது என் உதடு அசையும், சத்தம் வராது. அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

முதல் இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டினேன். பிறகு என் வீட்டுக் கூரை ஒழுக ஆரம்பித்தது. ஒரு மாதம் தள்ளிக் கட்டலாம் என்று நினைத்தேன், அந்த ஒரு மாதம் ஆறு வருடமாக நீண்டுவிட்டது. முதலாளி நான் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவார். கூலிக்காரர்கள் யாரும் ரசீது கேட்டதில்லை. யாருமே தேடாத ஒன்றை எடுத்ததற்குத் திருட்டு என்று பெயர் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் பெண் ஒருத்தி இருந்தாள். லேபிள்காரி என்பார்கள். காது கேட்காத அக்காவோடு ஒற்றை அறையில் குடியிருந்தாள். போன வருடம் ஒருநாள் கவரை வாங்கியவள் நகராமல் நின்றாள்.

"வாத்தியாரே, வருசம் பூரா கூட்டினாலும் என் கூலி கொஞ்சந்தானே. என்கிட்ட எதுக்கு வரி?"

சட்டம் அப்படித்தான் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். பாதியில் நிறுத்த எனக்கு வராது. வருட வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தால், படிவம் நிரப்பிக் கொடுத்தால், பிடித்ததெல்லாம் முழுசாகத் திரும்பி வரும் என்றேன்.

"அப்ப அது என் காசுதான். அங்க சும்மா படுத்துத் தூங்குது, அப்படித்தானே?"

அவள் அவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டதில் எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. அந்தக் காசில் அக்காவுக்குக் காது மெஷின் வாங்க வேண்டும் என்றாள். நல்லது என்றேன். இவளாவது படிவம் நிரப்புவதாவது என்று நினைத்துக்கொண்டேன்.

நிரப்பிவிட்டாள். தனக்கு மட்டுமில்லை, கூட வேலை செய்யும் பதினோரு பேருக்கும் சேர்த்து. ஒரு வெள்ளிக்கிழமை வரி அலுவலகத்திலிருந்து நேராக என் ஜன்னலுக்கு வந்தாள்.

"எங்க பேர்ல ஒரு காசு கூட வரலங்கிறாங்க. அவங்கதான் எங்கயோ தொலைச்சிருக்காங்க. திங்கக்கிழமை நீங்க ரசீதெல்லாம் எடுத்துட்டு எங்ககூட வாங்க. உங்கள மாதிரி யாரு அவங்களுக்குப் புரிய வைப்பா?"

என்மேல் அவளுக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அன்று வீட்டில் தட்டில் கை வைத்தேன், ஒரு வாய்கூட இறங்கவில்லை. காய்ச்சலா என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

எங்கள் கிடங்கில் ஒரு பழக்கம் உண்டு. குளிர் அறைக்கு வெளியே ஒரு பலகை இருக்கும். ஆளுக்கு ஒரு தகர டோக்கன். உள்ளே போகிறவர் தன் டோக்கனை 'வெளியே' என்ற ஆணியிலிருந்து 'உள்ளே' என்ற ஆணிக்கு மாற்றிவிட்டுப் போக வேண்டும். சனிக்கிழமை அரை நாள்தான். ஒரு மணிக்குக் காவலாளி பலகையைப் பார்ப்பார். 'உள்ளே' வரிசை காலியாக இருந்தால் விளக்கை அணைத்து, கதவுக்குக் குறுக்கே இரும்புப் பட்டையைப் போட்டுப் பூட்டுவார். திங்கள் காலை வரை திறக்க மாட்டார்கள். பட்டை விழுந்துவிட்டால் உள்ளே இருக்கும் கைப்பிடி வெறும் அலங்காரம். முன்பெல்லாம் அவர் உள்ளே எட்டிப் பார்த்து ஒரு குரல் கொடுப்பார். பலகை இருந்தால் அந்தச் சிரமம் இருக்காது என்று யோசனை சொன்னதே நான்தான். எல்லாருடைய பாதுகாப்புக்காகத்தான்.

அந்தச் சனிக்கிழமை ஒரு மணிக்குச் சற்று முன்னால் அவள் கடைசி அடுக்கை எண்ண உள்ளே போனாள். நான் அவளுடைய டோக்கனை ஒரு சாண் நகர்த்தினேன். கதவை நான் தொடவே இல்லை.

நாலு மணிக்குத் திரும்பி வந்தேன். ஐயா இதைக் குறித்துக்கொள்ள வேண்டும், நான் திரும்பி வந்தேன்.

"என்ன வாத்தியாரே, வீட்ல சோறு போடலயா?" என்று காவலாளி சிரித்தார்.

கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லி உள்ளே போனேன். என்னிடம் மாற்றுச் சாவி இருந்தது. கதவில் காதை வைத்தேன். உள்ளே குளிரை ஊதும் விசிறிச் சத்தம் கேட்டது. அதற்கு நடுவே, விட்டுவிட்டு, இன்னொரு சத்தம். திறந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். என்ன சொல்வது? அதுவும் விசிறிதான் என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா தேடி வந்திருக்கிறாள். காவலாளி அவளைக் கூட்டிப்போய்ப் பலகையைக் காட்டி, எல்லாரும் வெளியே போய்விட்டார்கள் என்று அனுப்பிவிட்டார். திங்கள் காலை கதவு திறந்தது. பாவம், டோக்கனை மாற்ற மறந்துபோனாள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். வரி அலுவலகத்துக்கு யாரும் போகவில்லை.

அதற்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அக்கா, தங்கையின் பாக்கிக் கூலியை வாங்க வந்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எண்ணினேன். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன் என்று நினைத்தேன். திடீரென்று அவள் வரிசைக்கே கேட்கும்படி உரக்கக் கேட்டாள்:

"விசிறி இல்லாம வேற என்ன சத்தம் கேட்டுச்சு?"

காது கேட்காதவர்கள் உதட்டைப் பார்த்தே படிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததில்லை. இத்தனை நாளாக என் உதடு என் பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். வரிசையில் நின்ற பதினோரு பேரும் என்னையே பார்த்தார்கள்.

ஆமாம், கடைசி அடுக்கை எண்ணச் சொல்லி அவளை அனுப்பியது நான்தான். எண்ணிக்கை ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

ஆனால் என்னை மனசாட்சி இல்லாதவன் என்று எழுதிவிடாதீர்கள், ஐயா. அந்தக் கடைசி அரை நாள் கூலியை முழுசாகத்தான் எண்ணி வைத்தேன். அதில் நான் வரி பிடிக்கவில்லை.