திறப்பு விழா நடக்காத பாலம்

பிள்ளைகளா, சற்று முன்னால் நீங்க சிரிச்சதை நான் பார்த்தேன். மேடையில எல்லாரும் உட்கார்ந்தாச்சு, நான் மட்டும் நாற்காலிக்கு முன்னால பத்து நிமிஷம் நின்னேன். ஏன்? "உட்காருங்க"ன்னு யாரும் சொல்லலையே! இது என் தப்பில்லை... எங்க ஊர்த் தப்பு. எப்படின்னு ஒரு குட்டிக் கதையிலேயே சொல்லிடறேன்.

எங்க ஊர் பூவனேந்தல். ஊருக்கும் பஸ் ரோட்டுக்கும் நடுவுல ஒரு ஓடை. நான் எட்டாங்கிளாஸோட படிப்பை முடிச்ச வருஷம் ஓடையில பாலம் கட்டினாங்க. ரிப்பன் கட்டியாச்சு, மேளம் வந்தாச்சு. திறக்க வேண்டிய பெரிய மனுஷன்... வரலை. "அடுத்த வாரம் வர்றேன்"னு ஆள் விட்டாரு.

முப்பத்தோரு வருஷம் ஆச்சு!

பாலத்துல ஆடு போகும், நாய் போகும். மனுஷன் போவானா? மாட்டான். ஓடைக்குள்ள இறங்கித்தான் ஏறுவோம். வெயில்ல ரிப்பன் நைஞ்சுபோனா, பொங்கலுக்குப் பொங்கல் புது ரிப்பன். அதுக்கு ஒரு கமிட்டி. அதுக்குச் செயலாளர் யாரு? சிரிக்காதீங்க... நான்தான்.

இந்த ஊர்ல வளர்ந்தவன் எப்படி இருப்பான்? கெட்டிமேளம் முழங்குது, மாப்பிள்ளை தாலியைக் கையில வச்சுக்கிட்டு, "கட்டலாமா?"ன்னு கூட்டத்தைப் பார்க்கிறான்! அவனும் நான்தான்.

போன ஐப்பசி. என் மக இசக்கிக்குப் போலீஸ் வேலைக்கு ஓட்டத் தேர்வு. காலையில எட்டு மணிக்கு மைதானத்துல நிக்கணும். ராத்திரி பூரா மழை... ஓடையில கழுத்தளவு தண்ணி. அக்கரையில பஸ் வர்ற நேரம். அந்தப் பஸ்ஸை விட்டா வேலையும் போச்சு.

"எப்பா, நான் பாலத்துல போறேன்."

"ஏட்டி, இன்னும் திறக்கலையே!"

"ஆடு போவுதுல்லா?"

"ஆடு படிச்சிருக்கா? அதுக்கு என்ன தெரியும்?"

கமிட்டித் தலைவர் சங்கிலி அண்ணாச்சி குடையோட ஓடி வந்தாரு. "அவசரப்படாத தாயி. ஒரு மனு எழுதிப் போடுவோம். பதினஞ்சு நாள்ல பதில் வந்திரும்."

"பஸ்ஸு அஞ்சு நிமிஷத்துல வந்திரும் பெரியப்பா!"

சொல்லிட்டு ரிப்பன் பக்கம் போயிட்டா. எனக்கு நெஞ்சு பதறுது. எதுக்குப் பதறுது? மகளுக்காகவா? இல்லை! பொங்கலுக்குக் கட்டின ரிப்பன், இவ முட்டி அறுத்துருவாளேன்னு! ஓடிப் போய் ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சேன். அவ குனிஞ்சு நுழைஞ்சா. நுழைஞ்சவ திரும்பி என்னைப் பார்த்து, கண்ணெல்லாம் கலங்கி, "தேங்க்ஸ்ப்பா"ங்கிறா! தனக்காகத் தூக்கினேன்னு நினைச்சுட்டா...

ஓடினா பாருங்க! பாலம் இடியலை. வானம் விழலை. பஸ்ஸையும் பிடிச்சா, ஓட்டத்துலயும் தேறினா. இப்போ பயிற்சியில இருக்கா.

ஊர் என்ன பண்ணிச்சு? கமிட்டி கூடிச்சு. அண்ணாச்சி தீர்ப்பு சொன்னாரு: "பாலத்துல போன பிள்ளை இன்னைக்கு அரசாங்க ஆளு. அப்போ அரசாங்கமே திறந்த கணக்குத்தான!" மறுநாள்லேருந்து ஊரே பாலத்துல போகுது.

பிள்ளைகளா, உங்க ஊர்லயும் எவரோ வராமப் போயிருப்பாரு, எவரோ எதையோ கட்டிட்டுப் போயிருப்பாரு. அது உங்களுக்குத் தெரியாமலே உங்க காலுக்குள்ள வந்து உட்கார்ந்திருக்கும். ஊரை வெறுக்க வேண்டாம், ரிப்பனை அறுக்கக்கூட வேண்டாம். யார் கட்டினது, எதுக்குக் கட்டினதுன்னு ஒரு தடவை கேளுங்க... கேட்டுட்டுக் குனிஞ்சு போயிருங்க.

அன்னைக்கு அவ அக்கரை போய்ச் சேர்ற வரைக்கும் நான் ரிப்பனைத் தூக்கிப் பிடிச்சபடியே இக்கரையில நின்னேன். ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. பக்கத்துல அண்ணாச்சி நிக்கிறாரேன்னு நான் அதைச் சொல்லலை.

"ஏட்டி, இரு... நானும் வர்றேன்."