எட்டு ஆம்பியர்

அக்கா: எட்டா?

தம்பி: எட்டு. வேணும்னா நீயே வந்து மீட்டரைப் பாரு.

அக்கா: சக்கரம் வச்ச இத்துனூண்டு பொட்டி... இதுக்கு எட்டு ஆம்பியரா?

தம்பி: காத்துலேர்ந்து ஆக்சிஜனைப் பிரிச்சுக் குடுக்கணும்ல. உள்ள கம்ப்ரஸர் ஓடுது. சும்மாவா?

அக்கா: வோல்டேஜ் எவ்ளோ?

தம்பி: இருநூத்தி முப்பது. எட்டால பெருக்கினா ஆயிரத்தி எண்ணூத்தி நாப்பது வாட். இந்த வீட்டு லைனுக்கு மொத்தமே பத்து ஆம்பியர் ஃப்யூஸ். மீதி ரெண்டுல நீ ஃப்ரிட்ஜை ஓட்டுவியா, ஃபேனை ஓட்டுவியா?

அக்கா: ஃப்யூஸைப் பெருசா...

தம்பி: போட்டா சுவத்துக்குள்ள இருக்கிற பழைய வயர் வெந்துடும். வீட்டுக்காரர் மாத்தவும் விடமாட்டார். நாள் பூரா மோட்டார் கடையில டெஸ்ட் பண்றவ நீ, உனக்கு நான் சொல்லணுமா?

அக்கா: சொல்ல வேண்டாம்.

தம்பி: அப்பா தூங்கறப்ப ஃப்யூஸ் போச்சுன்னா மெஷின் நின்னுடும். அப்புறம் அவருக்கு மூச்சு... வேண்டாம்க்கா. ஆஸ்பத்திரியில ரெண்டு தடவை கூப்பிட்டு, அப்பாவை எங்க அனுப்பறதுன்னு கேட்டுட்டாங்க. வீட்டு லைன் தாங்காது, முதியோர் காப்பகத்துக்கே அனுப்பிடுங்கன்னு சொல்லிடறேன். அங்க ஒரு கட்டில் காலியா இருக்காம்.

அக்கா: அதுக்குள்ள விசாரிச்சுட்டியா?

தம்பி: சும்மா... கேட்டு வச்சேன்.

அக்கா: கெட்டிக்காரன்.

தம்பி: என் போன் எங்க வச்சேன்...

அக்கா: உன் சட்டைப் பையில. இரு. உக்காரு முதல்ல. நின்ன வாக்குல பெத்தவரை அனுப்பாதே.

தம்பி: நான் எங்க அனுப்பறேன், ஃப்யூஸ்தானே...

அக்கா: ஆமா, எல்லாம் ஃப்யூஸ் பண்ற வேலை. இருநூத்தி முப்பதை எட்டால வகு.

தம்பி: இப்ப எதுக்கு அது?

அக்கா: வகுடா.

தம்பி: இருபத்தெட்டே முக்கால். இருபத்தொன்பது ஓம் ரெசிஸ்டன்ஸ்னு வச்சுக்க.

அக்கா: கடையில இருபத்தொன்பது ஓம் எதுல வரும்? தண்ணி காய்ச்சற ஹீட்டர் காயில்ல வரும். நெருப்பா கொதிக்கும் அது. இந்தப் பொட்டி மேல கை வையி.

தம்பி: வெதுவெதுன்னு இருக்கு.

அக்கா: வயரு?

தம்பி: சூடு இல்ல. இது மோட்டார்க்கா. காயில் கணக்கு இதுக்கு அப்படியே பொருந்தாது.

அக்கா: பொருந்தாதுதான். ஆனா எட்டு ஆம்பியர் ஓடினா அந்த வயராவது சுடணும்ல.

தம்பி: உன்கிட்ட வாயைக் குடுத்தேன் பாரு...

அக்கா: மீட்டர்ல வயரை எத்தனை சுத்து விட்ட?

தம்பி: என்ன சுத்து?

அக்கா: தெரியாத மாதிரி கேக்காத. வயரைக் கவ்வி அளக்கற அந்த கிளாம்ப் மீட்டர் சின்ன கரண்டை ஒழுங்கா காட்டாதுன்னு, அதோட வாய்க்குள்ள வயரை அஞ்சு சுத்து விட்டுத்தானே நீ அளப்ப? அஞ்சு மடங்கா காட்டும். அப்புறம் அஞ்சால வகுப்ப.

தம்பி: ஓ... வகுக்க மறந்துட்டேன் போல.

அக்கா: மறந்துட்ட.

தம்பி: காலைலேர்ந்து அலைச்சல்க்கா. ஆஸ்பத்திரி, கடை, திரும்ப ஆஸ்பத்திரி...

அக்கா: இப்ப வகு.

தம்பி: ஒண்ணு புள்ளி ஆறு.

அக்கா: வாட்?

தம்பி: முந்நூத்தி அறுபத்தெட்டு.

அக்கா: ஃப்ரிட்ஜ் ஓடும். ஃபேன் ஓடும்.

தம்பி: எல்லாம் ஓடும்.

அக்கா: டேய்... நீ வகுக்க மறக்கற ஆள் இல்ல. மெஷினைப் பாக்காத. என்னைப் பாரு.

தம்பி: உன்னைப் பாத்துத்தான்க்கா இப்படிச் செஞ்சேன். அப்பா ஆஸ்பத்திரிக்குப் போன அப்புறம்தான் நீ கால் நீட்டிப் படுக்கறே. அதுக்கு முன்னாடி அவர் இருமும்போதெல்லாம் எழுந்து, உக்காந்து, மறுபடி எழுந்து... கடையில மோட்டாரை ஓட விட்டுட்டு நின்னுக்கிட்டே தூங்கினியாம். முதலாளி என்கிட்டதான் சொன்னார். என் வீடு மூணாவது மாடி, அவரால ஏற முடியாது. முடியலைன்னு உன் வாயால வராது. சரி, அந்தப் பழியை ஃப்யூஸ் மேல போட்டுடலாம்னு பாத்தேன். அதுக்குக் கோவம் வராது பாரு.

அக்கா: அப்பா கேட்டிருந்தா?

தம்பி: லைன் தாங்கலப்பான்னு சொல்லியிருப்பேன்.

அக்கா: நீ சொன்னா நம்பிடுவார். கரண்டு விஷயத்துல உன் பேச்சுதான் அவருக்கு வேதம்.

தம்பி: அதை நினைச்சாத்தான்... விடு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராத்திரி நான் வந்து படுத்துக்கறேன். நீ கதவைச் சாத்திட்டுத் தூங்கு.

அக்கா: நீயா? இடி விழுந்தாலும் புரண்டு படுப்ப.

தம்பி: அலாரம் வச்சுக்கறேன். கட்டிலுக்குப் பக்கத்துலயே பாயைப் போட்டுக்கறேன். நிஜமாத்தான்க்கா சொல்றேன்.

அக்கா: சரி. ஆஸ்பத்திரிக்குப் போனைப் போடு. வீட்டுக்கே கூட்டிட்டு வர்றோம்னு சொல்லு.

தம்பி: போடறேன்... ஆனா நான் சொன்னது பொய்னு உனக்கு எப்பத் தெரிஞ்சுது? அந்த ஓம் கணக்குலயா?

அக்கா: கணக்கெல்லாம் அப்புறம்டா. நீ வர்றதுக்கு முன்னாடியே கடை மீட்டரைக் கொண்டாந்து நானே அளந்துட்டேன். ஒண்ணு புள்ளி ஆறுதான். அப்புறமும் உன்னை எதுக்குக் கூப்பிட்டேன்னு நினைக்கிற... யாராவது எட்டுன்னு சொல்ல மாட்டாங்களான்னுதான். நீ சொல்லிட்ட. காதுக்கு அவ்வளவு சுகமா இருந்துச்சு. அதுலதான் என்னை நினைச்சே பயந்து போயிட்டேன்.