முள் பார்க்கும் வேலை

முள் பார்ப்பது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை. வேறெங்கும் பார்க்காமல் இருந்தால் போதும்.

எங்கள் வண்டியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு வட்டங்கள் உண்டு. ஒன்று வண்டி போகிற வேகத்தைக் காட்டும். இன்னொன்று இன்ஜின் சுற்றுகிற வேகத்தை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆயிரக் கணக்கில் காட்டும். அந்த இரண்டாவது முள்தான் நான் பார்த்தது. முன்சீட்டில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும்.

எங்கள் அப்பா பிலோமின்ராஜுக்கு விருத்தாசலத்தில் ஒரு சின்ன பீங்கான் கம்பெனி இருக்கிறது. பியூஸ் கட்டை செய்கிறோம். கம்பெனிக்கும் குடும்பத்துக்கும் சேர்த்து, ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கினார். கியர் தானாக மாறும் வண்டி. அக்கா ஆன் மேரி கல்யாணமாகிப் புதுச்சேரிக்குப் போய்விட்டதால் அதில் உட்கார நாங்கள் மூன்று பேர்தான் மிச்சம்.

நான் பதினொன்றாம் வகுப்பில் படிப்பை நிறுத்தினேன். வகுப்பில் எழுந்து நின்றால் எனக்குக் குரல் வராது. பாடம் தெரியும், குரல்தான் வராது. ஒருநாள் வீட்டுக்கு வந்தவள் திரும்பப் போகவில்லை. அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்வார். "விமலா, அத சாப்புட சொல்லு." "அது துணி மாடியில கெடக்குது பாரு." எனக்குப் பெயர் பிரின்சி. வீட்டில் என் பெயர் அது.

மழைக்காலம் முடிந்த சமயம் வண்டியில் முள் குதிக்க ஆரம்பித்தது. வண்டி ஒரே சீராகப் போகும். முள் மட்டும் மேலே பாயும், பொத்தென்று விழும். கூடவே கியர் மாறும்போது யாரோ பின்னாலிருந்து இடித்த மாதிரி ஒரு உதறல். மெக்கானிக் கலியமூர்த்தி, ஓட்டும்போது முள் எப்போது விழுகிறது, கியர் எப்போது உதறுகிறது என்று சரியாகத் தெரிந்தால்தான் கோளாறைப் பிடிக்க முடியும் என்றார்.

"நான் ரோட்ட பாக்கறதா, முள்ள பாக்கறதா?" என்றார் அப்பா.

"யாரையாச்சும் பக்கத்துல குந்த வைங்கண்ணே. நான் வந்தா இங்க கடைய எவன் பாக்கறது?"

அம்மாவுக்கு முன்சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி வரும். அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார். பிறகு, "அத வரச் சொல்லு" என்றார்.

சேத்தியாத்தோப்பு வரை போய்த் திரும்பினோம். ஊர் தாண்டும் வரை பேச்சில்லை. முள் முதல்முறை விழுந்தபோது நான் "விழுந்துடுச்சி" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது.

"எவ்ளோவுல இருந்து?"

"ரெண்டுல இருந்துப்பா."

"ம். பாத்துக்கிட்டே வா பாப்பா."

பாப்பா என்று சொன்னதை அவர் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

வெள்ளாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை. "ரெண்டு டீ. பாப்பாவுக்குச் சக்கர தூக்கலா" என்றார். சின்ன வயதில் நான் அப்படிக் குடிப்பேன் என்பதை மறக்காமல் வைத்திருந்திருக்கிறார். அங்கே நின்றுகொண்டு, கம்பெனியில் பீங்கான் சுடுகிற சூளையைப் பற்றிச் சொன்னார். சூளைக்குள் ஒரு கம்பி போகும், வெளியே இருக்கும் முள் உள்ளே எவ்வளவு சூடு என்று காட்டும். முள் திடீரென்று விழுந்தால் புது ஆட்கள் பதறிப்போய் நெருப்பைக் கூட்டிவிடுவார்கள். உள்ளே இருக்கிற சரக்கு முழுக்க வெடித்துவிடும்.

"நெருப்பு டக்குனு அவியாது பாப்பா. எறங்குனா மெதுவாத்தான் எறங்கும். முள்ளு குதிச்சா வயருதான் பொய் சொல்லுது. நெருப்பு நல்லாத்தான் இருக்குதுன்னு அர்த்தம்."

இப்படிச் சில பயணங்கள் போனோம். பிறகு கலியமூர்த்தி கோளாறைக் கண்டுபிடித்தார். பானெட்டுக்குள் பேட்டரிக்குக் கீழே ஒரு கறுப்பு வயர் வண்டியின் உடம்போடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். அந்த போல்ட் தளர்ந்திருந்தது.

"இதான் பாப்பா எர்த்து வயரு. இது லூசானா முள்ளுக்குக் கிறுக்குப் புடிச்சிடும். கியர் மாத்தற கம்ப்யூட்டருக்கும் இதே எர்த்துதான். அதுக்கும் கிறுக்குப் புடிச்சா மூணாங் கியர்லயே நின்னுக்கும், மேலயும் போவாது, கீழயும் வராது" என்று சொல்லி, ஸ்பேனரால் இறுக்கிவிட்டார்.

அன்று சாயங்காலம் அப்பா அம்மாவிடம், "அது சாப்புட்டுச்சா?" என்று கேட்டார்.

அடுத்த நாள் நான் போல்ட்டைத் தளர்த்தினேன். பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. தானாக ஒருமுறை தளர்ந்ததுதானே. மறுபடி சேத்தியாத்தோப்பு, மறுபடி டீ. ஆனால் கலியமூர்த்தி முதலில் அந்த போல்ட்டைத்தான் தொட்டுப் பார்த்தார். அடுத்த முறையும் அது தளர்ந்திருந்தால் சந்தேகம் வரும்.

எங்கள் ஊர் கரண்ட் போகாத பொருள் செய்கிற ஊர். அப்பாவின் கம்பெனியில் அச்சில் ஊற்றுகிற மண் குழம்பு எப்போதும் தொட்டியில் இருக்கும். விரல் நுனியில் கொஞ்சம் எடுத்துவந்து, வயர் உட்காருகிற இடத்தில் மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, போல்ட்டை நன்றாக இறுக்கினேன். ஓரத்தில் வெள்ளை தெரியாமல் கிரீஸ் தடவினேன். காய்ந்த மண் கரண்டைத் தடுக்கும். போல்ட்டின் மரை வழியாக மட்டும் கொஞ்சம் போகும், சில சமயம் அதுவும் போகாது. முள் குதிக்க அது போதும். கலியமூர்த்தி ஸ்பேனர் வைத்துப் பார்த்தார், போல்ட் அசையவில்லை. சென்சார் மாற்றினார். ஏதேதோ வயரைப் பிரித்துக் கட்டினார்.

"அண்ணே, இது பேயி. பழமலைநாதருக்கு ஒரு தேங்கா ஒடைங்க."

"நான் வேளாங்கண்ணிக்கே நேந்துக்கிட்டுதான்யா இருக்கேன். நீ மொதல்ல வேலயப் பாரு."

"கியர்பாக்ஸ எறக்கித்தான் பாக்கணும். அதுவரைக்கும் இந்த வண்டிய அவசரத்துக்குன்னு நம்பி எடுக்காதீங்க."

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, அப்பாவின் ஸ்பேனரைக் கேட்காமல் எடுத்தேன் என்று சாமியாரிடம் சொன்னேன். அவர் சிரித்த மாதிரி இருந்தது. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். அதனால் அந்தக் கணக்கு முடிந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மா என்னிடம் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. அப்பா "அது" என்று சொன்னால், என்னிடம் வந்து, "அப்பா உன்ன சாப்புட சொல்றாருடி கண்ணு" என்று மாற்றிச் சொல்லும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வண்டியில் வரும்போதே அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. வியர்த்துக் கொட்டியது. பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உடனே சிதம்பரம் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும், கூட ஒருவர் ஏறிக்கொள்ளலாம் என்றார் நர்ஸ்.

அப்பா வெளியே வந்து வண்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பாப்பா, காத்திருக்கலாமா, வண்டிய எடுத்துடலாமா? காலையில வரும்போது முள்ளு எப்படி இருந்துச்சு?"

எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. ஆம்புலன்ஸ் வந்தால் அப்பா ஏறிக்கொள்வார், நான் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். முந்தின நாள்தான் புது மண் பூசியிருந்தேன். காலையில் சர்ச்சிலிருந்து வரும்போதே கியர் உதறியது. அப்பாவின் கவனம் கண்ணாடியில் தெரிந்த அம்மாவின் முகத்தில் இருந்ததால் அவருக்குத் தெரியவில்லை.

"நல்லா இருந்துச்சுப்பா" என்றேன்.

அம்மாவைப் பின்சீட்டில் சாய்த்துப் படுக்கவைத்தோம். நான் முன்னால் ஏறிக்கொண்டேன்.

ஊர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முள் விழுந்தது. "விழுந்துடுச்சிப்பா" என்றேன். "வயருதான் பொய் சொல்லுது. இன்ஜின் நல்லா இருக்குது" என்று சொல்லி அப்பா அழுத்தினார். பிறகு கியர் மூன்றில் நின்றுகொண்டது. எவ்வளவு அழுத்தினாலும் இன்ஜின் கத்தியது, வண்டி வேகம் எடுக்கவில்லை. மினி பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி எங்களை முந்திப் போனது.

"சொல்லிக்கிட்டே வா பாப்பா."

சொல்லிக்கொண்டே வந்தேன். மூணு. மூணரை. விழுந்துடுச்சி. மறுபடி மூணு. பின்னாலிருந்து அம்மா, "பிரின்சி, கொஞ்சம் தண்ணி குடுடி" என்றது. நான் திரும்பவில்லை. முள்ளிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்றுதானே அப்பா சொல்லியிருக்கிறார். அம்மா இன்னொருமுறை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

பாலத்து மேட்டுக்கு முன்னால் வண்டி உதறி நின்றது. அந்த டீக்கடைக்கு எதிரில்தான். அப்பா இறங்கி, போகிற வண்டிகளுக்கெல்லாம் கை காட்டினார். என் பையில் ஸ்பேனர் இருந்தது. பானெட்டைத் திறந்து, அந்த ஒரு போல்ட்டைக் கழற்றி, மண்ணைச் சுரண்டிவிட்டு இறுக்கினால் வண்டி கிளம்பியிருக்கும். அம்மாவுக்கு அப்போது மூச்சு இருந்தது, எனக்குக் கேட்டது. ஆனால் அந்த போல்ட்டுதான் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று அப்பா கேட்பார். கேட்டுவிட்டு, மறுபடி பேசுவதை நிறுத்திவிடுவார். அதனால் நான் இறங்கவில்லை. லோடு வண்டி ஒன்று வந்து நின்று, அம்மாவை அதில் மாற்றும்போது மூச்சு இல்லை.

அப்பா தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறார். சூளை மாதிரி நினைத்துவிட்டேன், முள் உண்மையைத்தான் சொன்னது, நான்தான் கேட்கவில்லை என்று துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது என் தலையில் கை வைத்து, "நீ கடைசி வரைக்கும் சரியாத்தான் சொன்ன பாப்பா" என்றார்.

இப்போது வீட்டில் நாங்கள் இருவர்தான். சமைக்கிறேன், பேசுகிறோம். அவருக்கு உடம்பு இளைத்துவிட்டது. வண்டியை விற்றுவிட்டு இரண்டு பேரும் புதுச்சேரிக்கே வந்துவிடுங்கள் என்று அக்கா கூப்பிடுகிறாள். அப்பாவும் சரி என்றுவிட்டார். கலியமூர்த்தி கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்து மாட்டும்போது அந்த இடத்தையும் சுத்தமாகத் துடைத்துவிட்டார் போலிருக்கிறது. வண்டி இப்போது ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. வாங்குகிறவர் நாளைக் காலையில் மனைவி குழந்தைகளோடு வந்து, புதுச்சேரி ரோட்டில் ஓட்டிப் பார்க்கப் போகிறாராம்.

மண் நன்றாகக் காய வேண்டும் என்பதால் மதியமே பூசிவிட்டேன். நான் இதை எனக்காகச் செய்யவில்லை. அம்மாவும் போன பிறகு, அப்பாவுக்கு இந்த வண்டியை விட்டால் பேச என்ன இருக்கிறது.