தம்பி கேட்ட கேள்விகள்

சிவரூபி: …ஓம், இப்ப போன் வடிவாக் கேக்குது. இல்லையடா, குளக்கட்டு வரைக்கும் போகேல்லை. பாதி வழியில மதகில இருந்திட்டன்.

ஜனகன்: தசை பிடிச்சதோ அக்கா?

சிவரூபி: அது பிறகுதான். முதல்ல கால் ரெண்டும் ஈரச்சாக்கு மாதிரிப் பாரமாகும். அப்பவே இருந்திட வேணும் எண்டு கிளினிக்கில சொன்னவை.

ஜனகன்: இருக்காமல் நடந்தால்?

சிவரூபி: ரெண்டு நாள் பாயிலதான்.

ஜனகன்: சலம் கழிக்கேக்க… கறுப்பாப் போகுமோ?

சிவரூபி: என்னடா இது? கட்டாருக்குக் கம்பி கட்டப் போனனியோ, டொக்டருக்குப் படிக்கப் போனனியோ?

ஜனகன்: சும்மா கேட்டனான். போனில வாசிச்சனான்.

சிவரூபி: ஒருக்காப் போனது. வயலில அரிவு வெட்டுக்குள்ள நெல்லு மூட்டை தூக்கினனானெல்லே, அப்ப. கடும் தேத்தண்ணி நிறம். அப்பிடிப் போனால் உடன ஆஸ்பத்திரிக்கு வரட்டாம்.

ஜனகன்: குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ?

சிவரூபி: இருக்கிறதைப் போடுறன். ஒண்டு கொழும்பில இருந்து வர வேணும். வந்தாலும் நோயை மாத்துற மருந்தில்லை, தாங்குற மருந்துதான். வருத்தத்தின்ர பேரே என்ர வாயில நுழையுதில்லை. மைட்டோ… மைட்டோகொ…

ஜனகன்: மைட்டோகொண்ட்ரியா.

சிவரூபி: அட! ஓ.எல் சோதினையில விஞ்ஞானம் கோட்டை விட்டவர் சொல்லுற வடிவைப் பார்!

ஜனகன்: பள்ளிக்கூடத்தில இழைமணி எண்டு படிப்பிச்சவை. அதுதான் சக்தி செய்யிற இடம். அது பழுதானால் தசை களைச்சுப்போகும்… சாப்பிடாமல் இருக்கிறீங்களோ?

சிவரூபி: இல்லை. வயிறு காயவிடக்கூடாதாம். ஆனா ஒருத்திக்கு ஆரடா நாலு தரம் சமைக்கிறது? பாணும் சம்பலும்தான்.

ஜனகன்: ஒருத்தரும் வாறேல்லையோ?

சிவரூபி: பக்கத்து வீட்டு அமராவதியக்கா வந்தவா. "பஞ்சிப்படாமல் எழும்பி முத்தத்தைக் கூட்டு பிள்ளை" எண்டிட்டுப் போனவா. எனக்குச் சோம்பல் எண்டு நினைப்பு. போய் ஒரு மாதம். பிறகு படலை திறந்த சத்தமே கேக்கேல்லை. நான் ரேடியோவோட கதைச்சுக்கொண்டு கிடக்கிறன். அதுவும் செய்தி வாசிக்கிறவரோட.

ஜனகன்: அவர் பதில் சொல்லுறவரோ?

சிவரூபி: உன்னைவிட நல்லாச் சொல்லுவார்.

ஜனகன்: வீடியோவைப் போடுங்கோவன் அக்கா. முகத்தைப் பாப்பம்.

சிவரூபி: கவரேஜ் காணாது. நீ போடு.

ஜனகன்: இங்கயும்… காணாது.

சிவரூபி: கட்டாரிலயோ?

ஜனகன்: றூமில ஆக்கள் படுக்கினம் அக்கா.

சிவரூபி: சரி, உள்ளதைச் சொல்லுறன். பின்னேரமானால் இமை விழுந்திடும். விரலால தூக்கித்தான் பாக்கிறன். நீ அதைப் பாக்க வேண்டாம்.

ஜனகன்: முதல்ல எந்தக் கண்?

சிவரூபி: இடது. ஏன்?

ஜனகன்: சும்மா… அம்மாவையும் பஞ்சிக்காரி எண்டுதானே ஊரில சொன்னவை?

சிவரூபி: …ஓம்.

ஜனகன்: அவாவுக்கும் இமை தொங்கினதெல்லே?

சிவரூபி: வயசு போனால் தொங்கும்.

ஜனகன்: அம்மா சாகேக்க நாப்பத்தாறு அக்கா.

சிவரூபி: அந்தக் கதையை விடு… பொறு. அது ஆர் கத்துறது?

ஜனகன்: எங்க?

சிவரூபி: "மாங்குளம், கிளிநொச்சி, யாழ்ப்பாணம்" எண்டு, பஸ் கொண்டக்டர் மாதிரி.

ஜனகன்: றூமில ஒருத்தன் வீடியோ பாக்கிறான்.

சிவரூபி: ஜனகன், எங்கயடா நிக்கிறாய்?

ஜனகன்: …புளியங்குளம் சந்தியில.

சிவரூபி: எப்ப வந்தனி?

ஜனகன்: பதினொரு நாள். சிநேகிதன்ர வீட்டில நிண்டனான். அங்க ஏணியில ஏறேலாமல் போச்சு அக்கா. கம்பி கையை விட்டு விழுந்திட்டுது. கீழ ஆக்கள் இல்லை, நல்ல காலம். அனுப்பிப்போட்டாங்கள்.

சிவரூபி: புளியங்குளம் வரைக்கும் வந்தனி, அக்கராயனில வீட்டுக்கு வரேலாமல் போச்சோ?

ஜனகன்: இண்டைக்கு வருவம் எண்டுதான் சந்திக்கு வந்தனான். இதோட மூண்டு பஸ் போயிட்டுது. படி உயரம் அக்கா… கால் தூக்க முதல் பஸ்ஸை எடுத்திடுறாங்கள்.

சிவரூபி: அங்கயே நிழலில இரு. ஏதும் வாங்கிச் சாப்பிடு. நான் ஓட்டோ பிடிச்சுக்கொண்டு வாறன்.

ஜனகன்: உங்களுக்கு ஏலாதே.

சிவரூபி: ஓட்டோவில இருக்க ஏலும்.

ஜனகன்: அக்கா… இவ்வளவு நாளும் மறைச்சனான். எனக்கும் உங்கட வருத்தம்தான் போல கிடக்கு. ஏன் என்னை ஏசேல்லை நீங்கள்?

சிவரூபி: எந்த வாயால ஏச? அது தாய் வழியால வாறது, தம்பியையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு டொக்டர் எனக்கு ரெண்டு வருசத்துக்கு முதலே சொன்னவரடா. உனக்கு விசா வந்த கிழமை அது… நீ எண்டாலும் பிளேன் ஏறட்டும் எண்டு நான்தான் சொல்லேல்லை.