இருபது ஆம்பியர் ஒயர்

பழைய கார் வைத்திருப்பவர்கள் பொதுவாக ஒழுங்கானவர்கள், ஐயா. இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவார்கள். டைனமோ வண்டியில் வேறு வழியில்லை. விளக்கும் வைப்பரும் சேர்ந்து ஓடினால் அது போடுகிற சார்ஜ் போதாது, பேட்டரி படுத்துவிடும். அத்தானும் அக்காவும் இருபது வருடமாக அப்படித்தான் கடைத்தெரு வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வீட்டின் பின்பக்கத்துக் கொட்டகையில்தான் என் ஒர்க்‌ஷாப். கார்களுக்கு ஒயரிங் வேலை செய்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. மூன்று வேளையும் அக்கா கையால்தான் சாப்பாடு. அவள் இல்லாவிட்டால் என் பனியன் எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

போன மாதம் அத்தான் கொட்டகைக்கு வந்தார். "மச்சான், டைனமோவக் கழட்டிட்டு ஆல்டர்நேட்டர் போட்டுக் குடு. மக ஊருக்கே போயிடலாம்னு இருக்கோம். இந்த வண்டியிலயே போறோம்."

"எப்பத் திரும்புவீங்க?"

"திரும்புறதா? வீட்ட வித்துடலாம்னு சொன்னதே உங்கக்காதான்."

அக்காவிடம் போய்க் கேட்டேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "உனக்கு நாப்பத்தாறு வயசாச்சுடா. இன்னும் எத்தன நாளைக்கு நான் தட்டு வைக்கிறது?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

வேலையைச் சுத்தமாகவே செய்தேன். ஆல்டர்நேட்டருக்காகப் பேட்டரி இணைப்பை மாற்றிப் பூட்டினேன், பெல்ட்டை நேராக்கினேன். ஒன்றை மட்டும் மாற்றவில்லை. டைனமோ இருபது ஆம்பியர் தரும். ஆல்டர்நேட்டர் நாற்பத்தைந்து தரும். அதனால் பேட்டரிக்குப் போகிற ஒயரைத் தடிமனாகப் போட வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான் துணி சுற்றிய பழைய ஒயரையே விட்டுவைத்தேன். சூடாகும், நாற்றம் வரும், பயந்து திரும்பி வருவார்கள். அவ்வளவுதான் என் எண்ணம்.

பேட்டரியைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், அவர்கள் புறப்படுவதற்கு முந்தின நாள் விளக்கைப் போட்டுவைத்து, ஸ்டார்ட் ஆகிற அளவுக்கு மட்டும் விட்டு மீதியை இறக்கினேன். பேட்டரி காய்ந்து கிடந்தால்தான் ஆல்டர்நேட்டர் முழுச் சார்ஜையும் அனுப்பும். அந்த ஒயர் பெட்ரோல் குழாயை ஒட்டிப் போகிறதே என்கிறீர்கள். அது வண்டி செய்தபோதே அப்படித்தான். நடுவில் ஒரு ரப்பர் இருந்தது. மக்கிப்போயிருந்ததால் எடுத்துவிட்டேன்.

புறப்பட்ட காலையில் நல்ல மழை. விளக்கு, வைப்பர் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா கண்ணாடியை இறக்கி, "எல்லாம் சரியா இருக்காடா?" என்றாள்.

வாய் வரை வந்தது.

"சரியா இருக்குக்கா. பாத்துப் போங்க," என்றேன். வண்டி தெருமுனை திரும்பும் வரை நனைந்துகொண்டே நின்றேன். ஓடிப்போய் மறித்திருக்கலாம். கால் வரவில்லை, ஐயா. அழுகைதான் வந்தது.

பதினெட்டாவது கிலோமீட்டரில் தீப்பிடித்தது. அத்தான் அக்காவை வெளியே தள்ளிவிட்டார். அவரால் இறங்க முடியவில்லை. அவரை இழுக்கப் போய் அக்காவுக்கு இரண்டு கையும் வெந்துபோயின. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வீட்டுக்குத்தான் கூட்டிவந்தேன். மகள் வந்து அழைத்தாள். இந்த நிலையில் அவ்வளவு தூரம் பயணம் கூடாது என்று நான்தான் சொல்லி அனுப்பிவைத்தேன். இப்போது நானே சமைக்கிறேன், ஊட்டிவிடுகிறேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறப்பாள். பேசுவதில்லை.

கட்டு மாற்ற வந்த நர்ஸிடம், "என்ன இங்கருந்து எங்கயாவது கொண்டுபோயிடும்மா" என்றாளாம். அதைக் கேட்டுத்தான் நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்ததாகச் சொன்னார்கள். வலியில் சொல்லியிருப்பாள்.

எழுதிக்கொள்ளுங்கள். அத்தானைக் கொன்றது நான்தான். கையெழுத்தும் போட்டுத் தருகிறேன். ஆனால் ஒரு மணிக்குள் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், ஐயா. சாப்பாட்டு நேரம். அக்காவுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?