அச்சிடலாம்

— பிடிச்சிருக்கா, பிடிக்கலையா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க ஐயா. நடுவுல எழுத இந்தத் தாள்ல இடமில்லை.

— அப்போ தாளே தப்பு. போய் இடம் விட்டு அடிச்சுக் கொண்டு வா.

— ஏங்க, வந்த பொண்ணு இன்னும் சரியா உக்காரக்கூட இல்லை. அதுக்குள்ள அது தாளைத் திருத்தக் கெளம்பிட்டீங்களா? கண்ணு, நீ ஒண்ணும் நினைச்சுக்காதே. முப்பத்தொரு வருஷம் அச்சகத்துல பிழை திருத்துன மனுஷன். கல்யாணப் பத்திரிகை வந்தாகூட மொதல்ல தப்பைத் தேடுவாரு. அப்புறம்தான் மாப்பிள்ளை யாருன்னு பார்ப்பாரு.

— பரவாயில்லைம்மா. எனக்கு ஒரே கேள்விதான். ஒன்பது வருஷமா எங்க சீரியல் ஓடுது. நேத்து நல்லா இருந்ததா, இன்னைக்கு நல்லா இருந்ததான்னு கேக்கலை. ஆரம்பத்துலேர்ந்து இன்னைக்கு வரைக்கும், மொத்தக் கதை, ஐயாவுக்குப் பிடிச்சிருக்கா?

— ஊர்ல வேற ஆளே இல்லையா, என்கிட்ட வந்து கேக்கறதுக்கு?

— நாலாயிரம் வீட்டுல கேட்டாச்சு ஐயா. பாதிக்கு மேல பிடிக்கலைன்னுட்டாங்க. 'ஒன்பது வருஷமா ஒரு பொம்பளையை ஒரே ரூம்ல பூட்டி வெச்சிருக்கீங்களே, நீங்கள்லாம் மனுஷங்களா'ன்னு ஒருத்தர் செருப்பைத் தூக்கிக் காட்டினாரு. சரி, பார்க்கறதை நிறுத்திட்டீங்களா சார்னு கேட்டேன். 'அதெப்படி நிறுத்துறது? இன்னைக்குக் கதவைத் திறந்துட்டா?'ங்கறாரு.

— ஏழரை மணிக்குப் போட்டா ஏழரையாத்தான் இருக்கும். நான் பார்க்கறதே இல்லை கண்ணு. அந்தக் கதவைக் காட்டினா எழுந்து அடுப்படிக்குப் போயிடுவேன். இவருதான் அசையாம உக்காந்திருப்பாரு. தும்மல் வந்தாகூட விளம்பரத்துலதான் தும்முவாரு.

— நீ உள்ளே போ.

— போறேன், போறேன். கண்ணு, கை கால் கழுவணும்னா அந்தப் பக்கம். உள்ளே தாழ்ப்பாள் கிடையாது, பயப்படாதே, நான் பார்த்துக்கறேன். இந்த வீட்டுல எதுக்குமே தாழ்ப்பாள் கிடையாது. பீரோவுக்குக்கூடப் பூட்டு இல்லை.

— திருட்டு பயம் இல்லையாம்மா?

— திருடன் வந்தா வரட்டும். என்ன இருக்கு இங்கே?

— பொண்ணே, கேள்வியை முடிச்சுட்டுக் கெளம்பு. பிடிக்கலைன்னே எழுதிக்கோ.

— பிடிக்காமதான் ஒன்பது வருஷமா பார்க்கறீங்களா?

— பிடிச்சுத்தான் பார்க்கணும்னு ஏதாவது சட்டம் இருக்கா? அச்சகத்துக்கு வந்த எந்தப் புத்தகத்தைப் பிடிச்சுப் படிச்சேன் நான்? வந்தது, படிச்சேன்.

— அப்படிப் படிக்கறவர்தான் எங்களுக்கு வேணும் ஐயா. வெள்ளிக்கிழமைக் கார்டு எழுதறவர்.

— எந்தக் கார்டு?

— இதோ, இந்தப் பையில நானூத்திப் பன்னண்டு இருக்கு. பேர் இல்லை, முகவரி இல்லை. எல்லாம் 'இப்படிக்கு, ஒரு பார்வையாளர்'னு முடியும்.

— இவரா? கார்டா? ஏங்க, வெள்ளிக்கிழமையானா காலார நடந்துட்டு வரேன்னு போவீங்களே! தபால் பெட்டி வரைக்கும்தானா அந்த நடை?

— அவன் யாரோ, எவனோ. என்னை எதுக்குக் கேக்கறே?

— ஒண்ணு ரெண்டு படிக்கறேன் ஐயா. 'மூன்றாம் வாரம். கதவு வெளிப்பக்கமாகத் திறப்பதுபோல் காட்டியிருக்கிறீர்கள். பிழை. அந்த அறைக் கதவு உள்பக்கமாகத்தான் திறக்கும்.' இதை நம்பி மொத்தக் கதவையும் கழட்டி மாத்தினோம். செட்டுப் போட்ட தச்சர் எங்களை வாழ்த்தினது இன்னும் காதுல இருக்கு. அப்புறம் இது. 'அறுபதாம் வாரம். உள்ளே இருப்பவள் அழுவதாகக் காட்டியிருக்கிறீர்கள். பிழை. அவள் அழ மாட்டாள். விரல்களை எண்ணிக்கொண்டிருப்பாள். பத்து வந்ததும் மறுபடியும் ஒன்றிலிருந்து.'

— கதையில பிழை இருந்தா எடுத்துச் சொல்றது பார்க்கறவன் கடமை.

— இது இருநூத்தி நாலாம் வாரம். 'அவள் மூன்று முறை தண்ணீர் கேட்பதாகக் காட்டியிருக்கிறீர்கள். பிழை. இரண்டு முறை.' ஐயா, இது நாங்க எழுதற கதை. ரெண்டா மூணான்னு பார்க்கறவருக்கு எப்படித் தெரியும்?

— மூணாவது தடவை கேட்டிருந்தா எந்த மனுஷனும் எழுந்து போயிருப்பான். அதனால சொன்னேன்.

— ஏங்க... இதையெல்லாமா எழுதிப் போட்டீங்க?

— எங்க எழுத்தாளரம்மா மொதல் கார்டைப் பார்த்தவுடனே கண்டுபிடிச்சுட்டாங்க ஐயா. எழுத்தை நீக்கறதுக்கு ஓரத்துல ஒரு சுழி போடுவீங்களாமே. 'இந்தச் சுழியைப் பார்த்துத்தான் நான் எழுதவே கத்துக்கிட்டேன். எங்க அப்பா கை இது'ன்னாங்க.

— அவ பேச்சை இந்த வீட்டுல எடுக்காதே.

— உங்க பொண்ணு ஐயா.

— பொண்ணா? வீட்டுக்குள்ள நடந்ததைக் கதையா எழுதி வாரப் பத்திரிகைக்கு அனுப்பினவ. அந்தப் பத்திரிகை எங்க அச்சகத்துலதான் அச்சாச்சு. புரூஃப் யார் மேசைக்கு வந்ததுன்னு நினைக்கறே? என் மேசைக்கு. மை ஈரம்கூடக் காயலை. என் தங்கச்சி, என் வீட்டு அறை, என் வீட்டுக் கதவு. பக்கத்துல ஒருத்தன் உரக்கப் படிக்கிறான், நான் பிழை பார்க்கறேன். என் குடும்பத்தைக் கூலிக்கு ஒருத்தன் எழுத்தெழுத்தாப் படிக்கிறான்.

— நீங்க என்ன பண்ணீங்க?

— ஆறு பிழை இருந்தது. ஆறையும் திருத்தினேன். அப்புறம் பக்கம் முழுக்கக் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். அன்னைக்குச் சாயங்காலமே அவளை வெளியே போன்னுட்டேன். பத்தொன்பது வருஷம் ஆச்சு.

— மாத்துத் துணி எடுக்கக்கூட விடலை கண்ணு. ஈரக் கூந்தலோட போனா.

— போனவ சும்மா இருந்தாளா? வாரப் பத்திரிகையில ஒரு பக்கமா இருந்ததைத் தினம் அரை மணி நேரம் ஆக்கினா. ஊரே பார்க்குது. காய்கறிக் கடைக்காரன் தராசைப் பிடிச்சுக்கிட்டே 'அந்தப் பெரியவன் விளங்குவானா சார், கூடப் பொறந்தவளைப் பூட்டி வெச்சிருக்கானே'ங்கறான். என்னைத் திட்டறதை என்கிட்டயே சொல்றான். நானும் ஆமாம்பா, விளங்க மாட்டான்னு சொல்லிட்டுப் பையை வாங்கிட்டு வரேன்.

— சீரியலை முடிக்கப் போறோம் ஐயா.

— முடிக்கறீங்களா?

— கடைசி நாளுக்கு எழுதியாச்சு. ஒரே ஒரு பக்கம் நிக்குது. அதை உங்ககிட்டக் காட்டச் சொன்னாங்க. 'எங்க அப்பா பிழை பார்த்துட்டுக் கீழே "அச்சிடலாம்"னு எழுதிக் கையெழுத்துப் போடட்டும். போட்டாத்தான் எடுப்பேன்'னு பிடிவாதமா இருக்காங்க. அச்சகத்துல அதுதானாமே வழக்கம்?

— ஆமாம். கடைசிப் புரூஃப்ல அந்த ஒரு வார்த்தை இல்லாம மெஷின் ஓடாது. எழுதிட்டா, அப்புறம் தப்பு எழுதினவன் தலையில இல்லை. பார்த்தவன் தலையில.

— அவங்க கீழே வண்டியில உக்காந்திருக்காங்க ஐயா.

— யாரு?

— உங்க பொண்ணுதான். 'பிழை ஒண்ணும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டுட்டார்னா வாங்கிட்டு வந்துடு, போயிடலாம். அதுக்கப்புறம் இந்தத் தெருப் பக்கமே வர மாட்டேன். ஒரு பிழை இருக்குன்னு சொன்னார்னா, நானே மாடி ஏறி வந்து என்னன்னு கேட்டுக்கறேன்'னாங்க.

— கீழேயா? நம்ம வாசல்லயா? ஏங்க, கேட்டீங்களா? நம்ம வாசல்ல இருக்காளாம்!

— ஜன்னல் பக்கம் போகாதே. உக்காரு. கண்ணாடி எங்கே?

— உங்க நெத்தி மேலதான் இருக்கு.

— பொண்ணே, நீயே படி. மெதுவாப் படி. நிறுத்தற இடத்துல நிறுத்து.

— 'அன்று வீட்டுக்கு விருந்தாளிகள் வர இருந்தார்கள். சித்தம் தெளியாத தங்கை அவர்கள் முன்னால் வந்து நின்று எதையாவது பேசிவிடுவாளோ என்று வீட்டில் பயம். நண்பகலில் அவளை அறைக்குள் விட்டுக் கதவைப் பூட்டினார்கள்.'

— சரி. மேலே.

— 'அவளுக்கு இழுப்பு நோய் உண்டு. நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள், பன்னிரண்டு வயது, கதவில் காதை வைத்து உட்கார்ந்தாள். உள்ளே மூச்சு இரைத்தது. இரண்டு முறை தண்ணீர் கேட்டது.'

— ரெண்டு. சரி.

— 'மகள் ஓடிப்போய், விருந்தாளிகளோடு பேசிக்கொண்டிருந்த அப்பாவின் காதில் சொன்னாள். வந்தவர்கள் போகட்டும், சும்மா இரு என்றார் அவர்.'

— அதே வார்த்தைதான். சரி.

— 'ஆறு மணிக்குப் பூட்டைத் திறந்து தள்ளினார்கள். கதவு உள்ளே போகவில்லை. அவள் அதன்மேல் சாய்ந்து கிடந்தாள்.' ...ஐயா, நிறுத்தட்டுமா?

— நான் நிறுத்தச் சொன்னேனா?

— கடைசி வரி. 'நண்பகலில் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டவர், அண்ணன்.'

— சரி.

— நிஜமாவே சரியா ஐயா? நானூத்திப் பன்னண்டு கார்டு. கதவு, ஜன்னல் கம்பி, தம்ளர் வரைக்கும் திருத்தியிருக்கீங்க. சாவியைப் பத்தி மட்டும் ஒரு வரி இல்லை. எங்க சீரியல்ல அந்தப் பெரியவர் சட்டைப் பையில சாவி தெரியாத நாளே கிடையாது. அதுல பிழையே இல்லையா?

— இல்லை.

— அவங்க கேட்டு வரச் சொன்னதே அதைத்தான். 'பூட்டினது நான்தான்னு அன்னைக்கு அப்பாவே சொன்னாரு. ஆனா பூட்டினதை நான் பார்க்கலையே'ன்னாங்க.

— அவ பார்க்க வேண்டியதில்லை. நான் சொன்னாச் சொன்னதுதான். குடும்பத்துல ஒரு தப்பு நடந்தா அது தலைவன் பேர்லதான் நிக்கணும். அண்ணன்காரன் பூட்டினா ஊரு அதைக் கண்டிப்புன்னு சொல்லும். அதோட போகட்டும்.

— அதுக்காக ஒன்பது வருஷம் ஊர் வாயில விழுந்தீங்களே ஐயா.

— என் ஒருத்தன் பேருதானே விழுந்தது? பேனாவைக் குடு. உன் கேள்விக்கும் பதில் எழுதிக்கோ. மொத்தக் கதையும் பிடிச்சிருக்கு. நல்லா எழுதியிருக்கா. அவகிட்ட அதையும் சொல்லிடு.

— எழுத்து கோணலாப் போகுதே ஐயா.

— வயசு. அச்... சிட... சீ, தாள் நகருது. இவளே, இங்கே வா. அந்த ஓரத்தைக் கொஞ்சம் பிடி.

— பிடிக்க மாட்டேன்.

— பிடின்னா பிடி. ரெண்டு எழுத்துதான் பாக்கி. எழுதிட்டா அவ போயிடுவா. எல்லாம் முடிஞ்சுடும்.

— அதுக்குத்தான் பிடிக்க மாட்டேங்கறேன். இருபத்தெட்டு வருஷமா நீங்க பேசாதேன்னா பேசாம இருந்தேன். பெத்த பொண்ணை வாசப்படி தாண்ட விட்டுட்டு, அப்பவும் வாயைத் திறக்கலை.

— நீ உள்ளே போ!

— அந்தக் கதவு வந்தப்போவெல்லாம் உள்ளேதானே போனேன். போதுங்க. கண்ணு, நீ கீழே போய் என் பொண்ணை மேலே வரச் சொல்லு. கடைசி வரியில பிழை இருக்கு. அன்னைக்கு அந்தச் சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு.