மாத்திரைக்கு இரண்டு சம்பளம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் எங்கள் பஸ் நின்றபோது முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசியது இது. ஒருவர் காலிக் கூடையோடு ஊர் திரும்பும் மீன்கார அம்மா, கேட் திறக்கவில்லை என்று திட்டிக்கொண்டிருந்தார். மற்றவர் மளிகைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெண்.

"மாத்திரை எழுதுற நர்ஸுக்கு ஒரு சம்பளம், அதைச் சரிபார்க்க வர்ற டாக்டருக்கு ஒரு சம்பளம், ஜீப்பு, டீசல். எல்லாம் நம்ம வரிக்காசு தங்கச்சி" என்றார் மீன்கார அம்மா, முன்னால் நின்ற ஆஸ்பத்திரி ஜீப்பைக் காட்டி.

"அந்த டீசல்லதான்க்கா எங்க அத்தா ஓடிக்கிட்டிருக்காங்க" என்றார் மளிகைக் கடைப் பெண், தன் தகப்பனாரைச் சொல்லி.

"உங்க அத்தா என்ன டிராக்டரா?"

"சிரிக்காதீங்க. எங்க ஊர்ல டாக்டர் கிடையாது. நர்ஸம்மாதான் அத்தாவுக்கு பிரஷர் மாத்திரை எழுதுவாங்க. மூட்டுவலி தாங்கலைன்னு அத்தா அழவும், பாவப்பட்டு வலி மாத்திரையும் எழுதிட்டாங்க. அவங்க எழுதினதைப் பார்க்க வந்த டாக்டர், ரெண்டும் சேர்ந்தா இவர் கிட்னி தாங்காதுன்னு அன்னைக்கே வீட்டுக்கு வந்து வலி மாத்திரையை நிறுத்திட்டாரு. நர்ஸம்மாவும் கூடவே வந்து, 'நான்தான் பாய் தப்பா எழுதிட்டேன்'னு அத்தா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. யாருக்குக்கா அப்படி மனசு வரும்?"

கேட் திறந்து பஸ் நகர்ந்தது. அதுவரை கேட்டைத் திட்டிக்கொண்டிருந்த மீன்கார அம்மா அதைக் கவனிக்கவே இல்லை.

"எங்க வீட்டுக்காரரும் அந்த ரெண்டையும்தான் முழுங்குறாரு. எங்க குப்பத்துக்கு நர்ஸ் மட்டும்தான் வருது. தங்கச்சி, அந்த ஜீப்பை எங்க பக்கமும் விடச் சொல்லி யார்கிட்ட கேக்கணும்?"

எழுதியது: ஐப்பசி 12.